மூன்று மாதச் செம்பருத்தி

நான் எண்ணெய்ச் சாயத்தில் பூ வரையக் கற்றுக்கொண்டது கலை ஆர்வத்தால் அல்ல. அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்று என் மகளின் முகத்துக்கு நேராக நிரூபிப்பதற்காகக் கற்றுக்கொண்டேன். வேறொருத்தி இப்படிச் சொல்லியிருந்தால் 'நல்ல தாய்தான் போ' என்று நானே முகத்தைச் சுளித்திருப்பேன். ஆனால் அந்த மூன்று மாதமும் தினம் காலையில் அதை நினைத்துக்கொண்டுதான் படுக்கையை விட்டு எழுந்தேன்.

விஷயம் பன்னிரண்டு வருடம் பழையது. பிளஸ் டூ முடித்த கையோடு அவள் ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும் என்றாள். விண்ணப்பத்தைக்கூட வரவழைத்து, பூர்த்தி செய்து, கையெழுத்துக்காக என் முன்னால் நீட்டினாள். நான் நெய்வேலி நகரியத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. கணவர் மைன்ஸில் பர்மனென்ட். எங்கள் பிளாக்கில் எந்தக் குவார்ட்டர்ஸ் கதவைத் தட்டினாலும் ஒரு இன்ஜினியரிங் பிள்ளை எட்டிப்பார்க்கும். அவர்கள் நடுவில் போய் 'எங்க பொண்ணு படம் போடப் படிக்குது' என்று சொல்லிக்கொண்டு நிற்பதா? நான் அவளைத் திட்டவில்லை. சிரித்தேன். "படம் போடறதுக்கு நாலு வருஷம் காலேஜா? லீவுல மூணு மாசம் உக்காந்தா நானே கத்துக்குவேன்" என்றேன். அவள் அப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் பார்த்த பார்வையில் மனிதர் ஷிப்ட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட்டார்.

அவள் அழவில்லை. அடம்பிடிக்கவில்லை. நான் சொன்ன கல்லூரியில் நான் சொன்ன படிப்பைப் படித்தாள். இப்போது சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். சாப்பிட்டியா, அப்பா மாத்திரை போட்டாரா, மழை உண்டா, அவ்வளவுதான். ஷிப்ட் முடித்துப் போகிறவன் அடுத்து வருகிறவனிடம் சொல்லிவிட்டுப் போகிற தகவல் மாதிரி இருக்கும்.

இந்த வருடம் மே மாதம் நான் ஓய்வுபெற்றேன். ஆகஸ்ட் கடைசியில் கணவருக்கும் ஓய்வு. பொழுது போகவில்லை என்று ஒரு ஞாயிறு போனில் புலம்பினேன். அவள் சொன்னாள்: "மூணு மாசத்துல படம் போடக் கத்துக்குவேன்னு சொன்னியேம்மா. இப்பத்தான் உனக்கு லீவு விட்டாச்சே. கத்துக்கோயேன்."

பன்னிரண்டு வருடம் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் வைத்துப் பூட்டியிருக்கிறாள், பாருங்கள். குரலில் கிண்டல் இருந்திருந்தால் நானும் கிண்டலாக எதையாவது சொல்லி முடித்திருப்பேன். கிண்டலே இல்லை. அதுதான் சுருக்கென்று தைத்தது. "கத்துக்கறேன்டி. அப்பாவோட ரிட்டயர்மென்ட்டுக்கு வருவ இல்ல, அப்ப வந்து பாரு" என்றேன். போனை வைத்துவிட்டுக் காலண்டரைப் பார்த்தேன். கச்சிதமாக மூன்று மாதம்.

நகரியத்தில் கலை வளர்க்கிற பெண்மணிகளுக்குப் பஞ்சமே இல்லை. இரண்டு தெரு தள்ளி ஒரு குவார்ட்டர்ஸின் முன்னறையில் வகுப்பு நடந்தது. நடத்தியவள் தானே போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவள். பிரஷ்ஷின் ஒரு ஓரத்தில் சிவப்பு, மறு ஓரத்தில் வெள்ளை. அமுக்கு, திருப்பு, இழு. ரோஜா. மறுபடி அமுக்கு, திருப்பு, இழு. இன்னொரு ரோஜா. ஒரு மணி நேரத்தில் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து நூறு ரோஜா போட்டோம். நூறும் ஒரே அச்சு. ஒரு ரோஜாவுக்காவது முள் உண்டா என்றால் இல்லை. "நிஜப் பூவை வெச்சுப் பாத்துப் போடறது எப்போங்க?" என்று கேட்டேன். "எதுக்கு மேடம், பூ வாடிடும் இல்ல?" என்றாள். செம்பருத்தி போடலாமா என்றதற்குப் பக்கத்தில் இருந்த அம்மாள், "அது தலைக்கு அரைச்சுத் தேய்க்கிறதுக்குத்தானே" என்று சிரித்தாள். தேய்த்தும் ஒன்றும் வளரவில்லை என்று அவள் கொண்டையைப் பார்த்து நினைத்துக்கொண்டேன். அடுத்த வாரம் போகவில்லை.

கணவர்தான் சொன்னார்: "எங்க மைன்ஸ்ல போர்டு எழுதற கான்ட்ராக்ட் ஆள் ஒருத்தன் இருக்கான். ஞாயித்துக்கிழமை பசங்களுக்குப் படம் சொல்லித் தரானாம். நல்லாப் போடுவான்."

போர்டு எழுதுகிறவன். 'அபாயம்' என்று மண்டையோடும் இரண்டு எலும்பும் வரைகிறவன். அவனிடம் நான், முதுகலைப் பட்டமும் முப்பத்திரண்டு வருடச் சர்வீஸும் உள்ளவள், போய்க் கைகட்டி உட்கார வேண்டுமாம். எண்ணெய்ச் சாயம் சொல்லிக்கொடுக்க வேறு நாதியில்லை என்பதால் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முத்தாண்டிக்குப்பம் பக்கம் இருந்த அவன் வீட்டுக்குப் போனேன். முப்பத்தைந்து வயது இருக்கும். நகக்கண்ணெல்லாம் மஞ்சள் பெயிண்ட். சுவரில் உள்ளங்கை அளவுக்கு ஒரு படம் மாட்டியிருந்தான். கத்திரிப்பூ. யாராவது கத்திரிப்பூவைப் போய் வரைவார்களா? இளக்காரமாகப் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். காம்பில் இருந்த முள், இதழின் அடியில் இருந்த சுருக்கம், எல்லாம் இருந்தது. ஆணி அடித்த சுவர் மோசம் என்று மட்டும் மனதுக்குள் குறை சொல்லிக்கொண்டேன். வேறு குறை அகப்படவில்லை.

"இன்னா பூ போடணும் டீச்சர்?" என்று கேட்டான்.

"செம்பருத்தி. எங்க காம்பவுண்டுல இருக்கு."

"அதான் கஷ்டமாச்சே. காலைல விரிஞ்சா சாயந்தரம் சுருங்கிப்பூடும். ஒரு நாளு பூ."

"தம்பி, செம்பருத்தியோட புல்லி வட்டத்துலேர்ந்து சூல் வரைக்கும் கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன். அந்தப் பூ எனக்குத் தெரியாததில்லை."

"கண்ணத் தொறந்துக்கினுதான் டீச்சர் போடணும்" என்றான். நையாண்டி செய்கிறானோ என்று பார்த்தேன். இல்லை. அவன் பாட்டுக்கு ஒரு பையனின் பிரஷ்ஷைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

வேண்டிய சாமான்களைச் சென்னையிலிருந்து தருவித்தேன். பின்பக்க வராந்தாவில் ஸ்டாண்டைப் போட்டதும் டர்பன்டைன் வாசம் தெருவுக்கே அடித்தது. பக்கத்து வீட்டம்மாள் எட்டிப்பார்த்து, "குவார்ட்டர்ஸுக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்திருக்கா டீச்சர்? முடிச்சிட்டு எங்க வீட்டுக்கும் அனுப்புங்க" என்றாள். சாயம் காய்வதற்கு நாட்கணக்கில் ஆகும், அதற்குள் நம் ஊர்க் கரித்தூசி வந்து ஒட்டிக்கொண்டு வெள்ளை இடமெல்லாம் மிளகு தூவியது போல் ஆகிவிடும். சாப்பாட்டை மூடுகிற வலைக்கூடையை எடுத்துப் படத்தின் மேல் கவிழ்த்தேன். என் கணவர் சாம்பாரைத் திறந்தே வைத்துச் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

பூவை வரையலாம் என்று காலையில் போனால் பூ இருக்காது. இந்த நகரியத்தில் அதிகாலை நடைக்குக் கிளம்புகிறவர்களில் பாதிப் பேர் உடம்பைக் குறைக்கவா கிளம்புகிறார்கள்? கையில் ஒரு கேரி பேக், இன்னொரு கையில் கொக்கி வைத்த கம்பு. அடுத்தவர் வேலிச் செடியை மொட்டையடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்து, சாமி படத்துக்கு வைத்துப் புண்ணியம் சேர்க்கிறார்கள். நான்கு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் விடிவதற்கு முன்னால் கேட்டுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெள்ளை கேன்வாஸ் ஷூ போட்ட ஒரு ஓய்வுபெற்ற அதிகாரி வந்தார். குடையின் வளைந்த கைப்பிடியால் என் கிளையை இழுத்து, பூவைப் பறித்துப் பைக்குள் போட்டார்.

"குட்மார்னிங் சார்" என்றேன்.

திடுக்கிட்டுத் திரும்பினார். "சாமிக்குத்தான் மேடம்."

"உங்க சாமிக்கு உங்க வீட்ல ஒரு செடி வைக்கிறதுக்கு என்ன?"

"பறிக்கப் பறிக்கத்தான் மேடம் செடி நல்லாப் பூக்கும்."

"முப்பத்திரண்டு வருஷம் தாவரவியல் நடத்தியிருக்கேன் சார். அதை நான் சொல்லிக்கறேன். பையை இப்படிக் குடுங்க."

பைக்குள் அரளி, நந்தியாவட்டை, யார் யார் வீட்டுப் பூவோ எல்லாம் இருந்தது. என் செம்பருத்தியை மட்டும் எடுத்துக் கொடுத்தார். கழுத்து ஒடிந்திருந்தது. அன்றிலிருந்து பூத்திருடர்களுக்கு முந்திக்கொண்டு, விரியப்போகிற மொட்டோடு ஒரு கிளையை நானே வெட்டி எவர்சில்வர் டம்ளரில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். ஏழரை மணிக்கெல்லாம் அது வராந்தாவில் விரிந்துவிடும்.

முதல் படங்கள் சகிக்கவில்லை. நிழலுக்குக் கறுப்பைச் சேர்த்தேன், பூ இரும்புக் கரண்டி மாதிரி வந்தது. ஞாயிற்றுக்கிழமை அவனிடம் காட்டினேன். "கறுப்பு போட்டா பூ கருகிப்பூடும் டீச்சர். செவப்போட நெழலும் செவப்புதான். அதுல பச்சைய ஒரே ஒரு துளி சேத்துப் பாருங்க" என்றான். பச்சையையா, சிவப்பிலா? உளறுகிறான் என்று நினைத்தேன். அவன் உளறுகிறான் என்று காட்டுவதற்காகவே வீட்டுக்கு வந்து சேர்த்துப் பார்த்தேன். சிவப்பு அடங்கி உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது.

ஜூலை கடைசியில் ஒரு பெரிய படத்தை எடுத்தேன். இதுதான் மகளுக்குக் காட்டப்போகிற படம். ஒரு நாள் பூவோடு மல்லுக்கட்டுவது முட்டாள்தனம் என்று எனக்குப் பட்டது. தினம் ஒரு புதுப் பூதான் வருகிறதே! திங்கட்கிழமைப் பூவில் எந்த இதழ் அழகாக விரிந்திருக்கிறதோ அதை வரைந்தேன். செவ்வாய்க்கிழமைப் பூவிலிருந்து இன்னொரு இதழ். புதனன்று வந்த பூவில் மகரந்தத் தண்டு நேராக நின்றது, அதை எடுத்துக்கொண்டேன். பூச்சி கடித்தது, மடிந்தது, ஒன்றன் பின்னால் ஒன்று ஒளிந்தது எல்லாவற்றையும் ஒதுக்கினேன். ஒன்பது நாள் காலை உழைப்பு. ஐந்து இதழும் சம அளவில், திருகின வரிசை பிசகாமல், சூல்முடியின் ஐந்து பொட்டும் எண்ணிக்கொள்ளும்படி. அரசாங்கப் பாடப்புத்தகத்துக்கே அனுப்பலாம். ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு, சாயம் கலைந்துவிடாமல் மெதுவாக ஓட்டிப் போனேன். போர்டு எழுதுகிறவன் வாயைப் பிளக்கப்போகிறான் என்று நினைத்து வழியெல்லாம் எனக்கு ஒரே பூரிப்பு.

அவன் படத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தான். பத்தடி பின்னால் போனான். தலையைச் சாய்த்துப் பார்த்தான்.

"இது எந்த நாளு பூ டீச்சர்?"

"என்னது?"

"இல்ல, இந்த எதழுக்கு வெளிச்சம் இந்தாண்ட வருது. இதுக்கு அந்தாண்ட வருது. இது காலைல ஏழு மணி, இது பத்து மணி. இப்டி ஒரு பூ எந்த நாளும் பூக்கலியே."

"தம்பி, செம்பருத்திக்கு அஞ்சு இதழ். அதைத்தான் போட்டிருக்கேன்."

"அஞ்சுதான் டீச்சர், நான் இல்லன்னு சொல்லல. நீங்க பாக்கறப்ப எத்தினி தெரிஞ்சிச்சு?"

உட்கார்ந்திருந்த எட்டாங்கிளாஸ் பையன்கள் முன்னால் இப்படிக் கேட்டான். அவன் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி ஒன்று சொல்லலாமென்று வாயைத் திறந்தேன். பத்தாவதுகூடத் தாண்டாதவன் என்பதுதான் நாக்கின் நுனியில் நின்றது. சொல்லவில்லை என்பதற்காக யாரும் என்னைப் பாராட்ட வேண்டாம், படத்தைச் சுவரோரத்திலிருந்து வெடுக்கென்று எடுத்துக்கொண்டு வந்த வேகத்திலேயே எல்லாம் சொல்லியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு போகவில்லை.

வீட்டில் படத்தை மாட்டி வைத்துக்கொண்டு நான்கு நாள் அதன் எதிரில் உட்கார்ந்தேன். கணவரிடம் கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு. சார்ட்டு மாதிரி" என்றார். அவர் பாராட்டாகத்தான் சொன்னார், பாவம்.

சார்ட்டு. ரெக்கார்டு நோட்டு. முப்பத்திரண்டு வருடம் எத்தனை பிள்ளைகளின் நோட்டுகளில் சிவப்பு மையால் கிழித்திருப்பேன்! பூவைக் கையில் கொடுத்து, 'பார்த்து வரையுங்கள்' என்று நான்தான் சொல்வேன். பார்த்து வரைகிறதுகள் என்ன செய்யும்? கையிலிருக்கிற பூவில் நான்கு இதழ் தெரிந்தால் நான்கை வரையும். 'ஐந்தாவது இதழ் எங்கே?' என்று எழுதி மதிப்பெண்ணைக் குறைப்பேன். பூவைப் பாராமல் புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்த கழுதைகளுக்கு முழு மதிப்பெண். பிளஸ் ஒன்னில் என் மகளே என் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். இதழ் ஒன்று மடிந்து, ஒன்று பூச்சி கடித்து, காம்பு ஒருக்களித்து, ஒரு பூவை அவள் பென்சிலில் வரைந்து வந்தாள். மகளுக்குச் சலுகை காட்டினேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! வகுப்பில் எல்லார் முன்னாலும் தூக்கிக் காட்டி, "இது பூவா, குப்பைத்தொட்டில கிடந்ததா?" என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுநாள் அவள் புத்தகத்தில் இருந்தபடி வரைந்து வந்தாள். பத்துக்குப் பத்து போட்டேன்.

அந்த நினைப்பு வந்த பிறகு என் ஒன்பது நாள் படத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. பழைய துணியில் டர்பன்டைனை நனைத்துத் துடைத்தேன். முழுதாகப் போகவில்லை, கேன்வாஸ் இளஞ்சிவப்பாகக் கறைபட்டு நின்றது. கிடக்கட்டும், அதன் மேலேயே போடலாம் என்று வைத்தேன். ஆகஸ்ட் பாதி போய்விட்டது.

இந்த முறை ஒரே அமர்வில். முதலில் பூ, மற்றதெல்லாம் அப்புறம். இலை பத்து நாள் காத்திருக்கும், பூ காத்திருக்காது. இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் தொடக்கத்தில் நான் பின்புறத்தையும் இலையையும் தீற்றிக்கொண்டிருந்த நேரத்தில் பூ பாதி மாறிப்போயிருக்கும். அன்று காலை வெட்டின கிளையில் இருந்த பூ ஒரு பரதேசிப் பூ. ஒரு இதழின் ஓரத்தை வெட்டுக்கிளி அரைவட்டமாகக் கடித்திருந்தது. ஒரு இதழ் முன்பக்கம் மடிந்திருந்தது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து ஐந்தாவது இதழ் தெரியவே இல்லை. டம்ளரைக் கொஞ்சம் திருப்பினால் தெரியும். கை டம்ளர் வரை போனது. ஐயோ, அந்தக் கையைத் திருப்பி எடுப்பதற்குள் நான் பட்ட பாடு! எட்டு மணியிலிருந்து பதினொன்றரை வரை எழுந்திருக்கவில்லை. அடுப்பில் குக்கர் எத்தனை விசில் அடித்தது என்று தெரியாது, பருப்பு தீய்ந்தது. கண் முன்னால் இருந்ததை மட்டும் போட்டேன். தொண்டைப் பகுதியின் அடர் சிவப்பு, மடிந்த இதழின் முதுகில் விழுந்த வெளிர் ஊதா, கடிபட்ட ஓரத்தில் காய்ந்துபோயிருந்த மெல்லிய பழுப்புக் கோடு. அந்த ஊதா அங்கே இருக்கிறது என்று முப்பத்திரண்டு வருடத்தில் எந்த வகுப்பிலும் நான் சொன்னதில்லை. எனக்கே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். அவன் என்னை ஏன் வரவில்லை என்று கேட்கவில்லை. படத்தைச் சாய்த்து வைத்துப் பின்னால் போனான்.

"எது கடிச்சது டீச்சர், புழுவா?"

"வெட்டுக்கிளி" என்றேன்.

"ம். அதான் வெட்டு சுத்தமா இருக்குது" என்றான். ஒரு பையன் சாயத்தட்டைக் கவிழ்த்துவிட, அந்தப் பக்கம் போய்விட்டான். என் வாழ்க்கையில் எத்தனையோ சான்றிதழ்கள் வாங்கியிருக்கிறேன். எதையும் வாங்கிக்கொண்டு இப்படிப் பல்லை இளித்துக்கொண்டு ஸ்கூட்டர் ஓட்டியதில்லை.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்தால் அது உங்கள் தப்பு. தலைக்கனம் இரண்டு பங்காயிற்று. நிஜமாகவே போட்டுவிட்டேன்! அதுவும் மூன்று மாதத்தில்! மகள் வந்து நின்றதும் என்ன சொல்ல வேண்டும் என்று பாத்திரம் துலக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்தேன். 'பாத்தியா, மூணே மாசம். இதுக்கா உனக்கு நாலு வருஷம்?' கடைசிச் சொல்லை ஏற்றிச் சொல்வதா, இறக்கிச் சொல்வதா என்பதுவரை யோசித்தாகிவிட்டது.

ஆகஸ்ட் கடைசி நாள் அவள் வந்தாள். கணவரை வழக்கம் போல மாலையும் கழுத்துமாக வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, வாசலில் சரவெடி வெடித்து, ஸ்வீட் பாக்ஸ் கொடுத்து, இனி மணி பார்க்க வேண்டிய தேவையே இல்லாத மனிதருக்கு ஒரு சுவர்க் கடிகாரத்தையும் கொடுத்துவிட்டுப் போனார்கள். அன்று படத்தைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. கூட்டம் கலைந்து, வெளிச்சம் சரியாக இருக்கிற நேரத்தில்தான் காட்ட வேண்டும் என்று இருந்தேன்.

மறுநாள் காலை காபி டம்ளரோடு அவளே பின்பக்கம் வந்தாள். நான் இலைகளை முடித்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு இலை பாக்கி. அவள் நின்றாள். டம்ளரைத் திண்டில் வைத்தாள். கிட்டே வந்து குனிந்தாள், பிறகு சுவர் முதுகில் இடிக்கும்வரை பின்னால் போனாள். எங்கே நின்று பார்க்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"யாரும்மா போட்டது?"

"நான்தான்."

"நெழல்ல பச்சை கலந்திருக்க."

"ஆமா."

"நாலு எதழ்தான் தெரியுது."

"அன்னைக்கு நாலுதான் தெரிஞ்சுது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஒத்திகை பார்த்த வாக்கியம் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. "மூணே மாசம்" என்று ஆரம்பித்தேன்.

"ஆமாம்மா. மூணு மாசம்" என்றாள் அவள். படத்தைப் பார்த்துக்கொண்டே, ரொம்ப சாதாரணமாக, "நீ நல்லாப் போடாம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றாள்.

"என்னடி சொல்ற?"

"இல்லம்மா. இதெல்லாம் நம்ம குடும்பத்துக்கு வராது, அம்மா சொன்னதுதான் சரின்னு இத்தனை வருஷமா நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்படி நெனச்சுக்கிட்டா கஷ்டமா இல்ல. வேலைக்குப் போனேன், வந்தேன். நீ கத்துக்கோன்னு சொன்னதுகூட அதுக்குத்தான். நீயும் முயற்சி பண்ணி, வராம, விட்டுடுவேன்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குப் பதில் பேசியிருப்பேன். அதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. அவள் அழுதிருந்தால்கூட அதட்டியிருப்பேன். அவள் இரண்டும் செய்யவில்லை. நான் மோசமாக வரைந்திருந்தால் என் பிள்ளை நிம்மதியாக ஊருக்குப் போயிருப்பாள். இதழுக்கு இதழ் நான் உழைத்து உழைத்து நிரூபித்தது, இது என் வயிற்றில் பிறந்தவளுக்கு வந்திருக்கும் என்பதைத்தான். ஊரையெல்லாம் இளக்காரமாகப் பார்த்த எனக்கு அன்றைக்கு என்னைவிட அற்பமான ஒருத்தி இந்த நகரியத்திலேயே தென்படவில்லை.

பிரஷ்ஷை அவளிடம் நீட்டினேன். "இந்த ஒரு இலையை நீ போடும்மா" என்றேன். அவளை நான் 'டி' போடாமல் 'ம்மா' என்று கூப்பிட்டு எத்தனை காலம் ஆயிற்றோ!

அவள் பிரஷ்ஷை வாங்கவில்லை. கை அதைப் பார்த்து ஒரு அங்குலம் வந்தது, நான் பார்த்தேன். பிறகு அந்தக் கை போய்க் காபி டம்ளரை எடுத்துக்கொண்டது. "ஒம்பதரைக்கு மீட்டிங் இருக்கும்மா" என்று உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் லேப்டாப்பிடம் ஆங்கிலத்தில் பேசுகிற குரல் கேட்டது.

மத்தியானம் அவள் கிளம்பும்போது அவள் அப்பா ஒன்றும் தெரியாமல் பழைய செய்தித்தாளை விரித்து, "படத்தை எடுத்துக்கிட்டுப் போ, உன் ரூம்ல மாட்டு" என்றார். "இன்னும் காயலப்பா, ஒட்டிக்கும்" என்றாள். அவர் விடவில்லை, "காஞ்சதும் நானே கொண்டாந்து தரேன்" என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பஸ் நிறுத்தம் வரை அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டு நான் போனேன். வழியில் சொல்ல வேண்டியதை எத்தனையோ விதமாக மனதில் அடுக்கினேன், ஒன்றும் வாக்கியமாகச் சேரவில்லை. கடைசியில் சென்னை பஸ் திரும்புவது தெரிந்ததும் அவசர அவசரமாக, "நான் பண்ணினது தப்புதாம்மா" என்றேன். முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் தப்பைத் திருத்தின வாய்க்கு அது புதுச் சொல்.

அவள் பையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். "தெரியும்மா" என்றாள். படியில் கால் வைத்தவள் திரும்பி, "அப்பாகிட்ட சொல்லிடு. காஞ்சாலும் கொண்டு வர வேணாம். தினமும் என்னால அதைப் பாக்க முடியாது" என்றாள்.